வேலை பழக ஒரு நாற்காலி

பிரிக்பீல்ட்ஸில் இன்று எந்த முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு நாற்காலியாவது சும்மா கிடக்கிறது. வாடிக்கையாளர் வராமலா? சுவரோர பெஞ்சில் நாலைந்து பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். வெட்டத்தான் ஆள் இல்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கக் கொடுத்தால், முன்பெல்லாம் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். இப்போது, "அடுத்த வாரம் வாங்கய்யா, ஒரே பத்தர்தான் இருக்காரு, அவருக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்கிறார்கள்.

முடிதிருத்தகம், நகைத்தொழில், ஜவுளிக்கடை ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009இல் நிறுத்தியது. அந்த வேலைகள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்பது நோக்கம். கடைக்காரர் சங்கங்கள் விடாமல் மனுக் கொடுத்து வந்தன. அமைச்சர்கள் மாறினார்கள், மனு மாறவில்லை. 2023இல் மூன்று தொழிலுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுத்துக்கொள்ள அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் ஒதுக்கீடு எவ்வளவு, ஊர் திரும்பியவருக்குப் பதில் ஆள் உண்டா என்று பேச்சு ஓயவில்லை.

2009க்கும் 2023க்கும் இடையில் 14 ஆண்டுகள். ஒரு பிள்ளை பிறந்து, தமிழ்ப்பள்ளியை முடித்து, படிவம் இரண்டுக்குப் போய்விடும் காலம் அது. அந்தக் காலத்தில் நம் கடைகளில் எத்தனை பேருக்குக் கத்திரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம்? எத்தனை பேரைப் பத்தரின் ஊதுகுழலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம்? நாட்டில் திறனாளர் பற்றாக்குறை என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தக் கேள்விக்குத்தான் போகிறது. சொல்லிக்கொடுப்பதை நிறுத்திய இடத்திலும், உழைப்புக்கு உரிய கூலி கிடைக்காத இடத்திலும்தான் ஆள் பஞ்சம் முளைக்கிறது. மின்கம்பி வேலையிலேயே தலை நரைத்தவன் நான். பெரிய பொருளாதாரம் படித்ததில்லை. ஆனால் ஒரு தொழில் எப்படிக் கைமாறுகிறது, எப்படிக் கைமாறாமல் போகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

"ஆள் இல்லை" என்ற குரல் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நம் பாட்டன்மார் இங்கு வந்து சேர்ந்ததே அந்தக் குரலால்தான். ரப்பர் விலை ஏறிய காலத்தில் தோட்டத் துரைமார்களுக்கு ஆள் போதவில்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்டங்களிடம் பணம் வசூலித்து, கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றினார்கள். வேண்டும்போது கப்பல் வந்தது. வேண்டாதபோது, 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, அதே கப்பலில் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆளுக்குக் கப்பல் இருக்கும்வரை கூலியை உயர்த்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1938இல் கூலியைக் குறைத்ததும் இந்திய அரசாங்கம் கைத்தொழில் தெரியாத உடலுழைப்பாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. கப்பல் நின்றது. மூன்றே ஆண்டுகளில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது.

அந்த வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியவர் ஆர். எச். நாதன். தொழிலாளர்கள் கேட்டவற்றை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும் என்றார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். கூலியும் மரியாதையும் அவர்களுக்கு ஒரே கோரிக்கையாக இருந்தன என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. இன்று ஒரு வேலைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று கேட்கும் முதலாளி இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். கே.எல். சென்ட்ரல் நிற்கும் இடம் அன்று ரயில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் யார்டு. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பகுதி, ரயில்வேக்காரர்களால் ஊரானது. யாழ்ப்பாணத்தார் கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்திலும் பட்டறையிலும் இருந்தார்கள். செந்தூல் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அரம்தான் முதல் பாடம். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நான்கு பக்கமும் சமமாக அராவச் சொல்வார்கள். மட்டக்கோலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் மூத்தவர். இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பா இதைச் சொல்லும்போது அவர் குரலில் சலிப்பு இருக்காது. தன்னை ஒருவர் பொருட்படுத்தித் திருத்தினார் என்ற பெருமை இருக்கும்.

1945இல் அமெரிக்க விமானங்கள் அந்தப் பட்டறையைக் குண்டு போட்டு நாசமாக்கின. போருக்குப் பிறகு கூரையும் எந்திரங்களும் புதிதாக வந்தன. வேலை தெரிந்த கைகள் மிச்சம் இருந்ததால்தான் மறுபடியும் ரயில் ஓடியது.

எனக்குத் தொழில் கொடுத்தவர் கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கே. மின்கம்பி ஒப்பந்தக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. மலாயில் திட்டுவார், மலாயிலேயே சாப்பிடக் கூப்பிடுவார். சேர்ந்த புதிதில் சுவர் குடைவதும் குழாய் வளைப்பதும் ஏணி பிடிப்பதும்தான் எனக்கு வேலை. கம்பியைத் தொடவே விடமாட்டார். ஒருநாள் இணைப்புப் பெட்டியைத் திறந்து, எல்லா முனைகளையும் நான் இறுக்கி முடித்தபின், ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஒன்று மட்டும் லேசாக அசைந்தது. "இதுதான் பத்து வருஷம் கழிச்சு ஒரு வீட்டை எரிக்கும்" என்று மலாயில் சொன்னார். அன்றிலிருந்து கம்பியை இழுத்துப் பார்க்காமல் நான் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை. பிறகு வயர்மேன் உரிமம் எடுத்தேன், சார்ஜ்மேன் ஆனேன், ஷா ஆலத்திலும் சுங்கை வேயிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தேன். சம்பளம் தந்த இடங்கள் பல. கையைத் தந்தது அந்த ஒரு கடைதான்.

இப்படி ஒருவரிடம் நின்று பழகும் வழக்கம் நம் வீடுகளில் எப்போது அறுந்தது? 1970களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவானது. சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் ஷா ஆலம் எழுந்து, 1978இல் சிலாங்கூரின் தலைநகரமும் ஆனது. லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களிடம் பால்மரம் வெட்டும் திறமை இருந்தது. நகரத்தில் அதற்கு மரம் இல்லை. வேறு கைத்தொழில் கற்றுத்தர எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் கடமை இருக்கவில்லை. அந்தத் தாய் தகப்பன் பிள்ளையிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "நாங்க பட்ட கஷ்டம் நீ படக்கூடாது, மேசை வேலைக்குப் போ." அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விடியற்காலை நாலு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்களின் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

ஆனால் முடிவெட்டுகிறவர், பத்தர் வீட்டுப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நாம் வெளியில் பேசுவதில்லை. ஊரிலிருந்து கப்பலேறியபோது சாதியையும் கூடவே ஏற்றி வந்தோம். நம் பிள்ளைக்கு முதல் மொட்டை போட்ட மனிதரைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கல்யாண வீட்டில் அவருக்குத் தனிப் பந்தி போட்டவர்களும் இருந்தார்கள். தன் மகனுக்கு அந்தப் பெயர் ஒட்டக்கூடாது என்று அவர் நினைத்தார். மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார், கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவர் செய்தது முற்றிலும் நியாயம். அவரை அவமானப்படுத்திய சமூகம் இன்று சலூனில் காத்திருந்து, "நம்ம ஆளுங்க யாரும் இந்த வேலைக்கு வர்றதில்ல" என்று அங்கலாய்ப்பதில்தான் நியாயம் இல்லை.

அந்தக் கையின் திறமை என்ன என்று பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போங்கள். மொட்டை போடும் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தை, தகப்பன் மடியில் வீரிட்டு அலறும். மேளச் சத்தம், கூட்டம், வெயில். முடிதிருத்துகிறவர் இடது கையால் தலையை ஏந்தி, கட்டைவிரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து வழிக்கிறார். பிள்ளை திமிறினால் அவர் கத்தியைச் சட்டென்று எடுப்பதில்லை. தலை போகும் பக்கமே கையும் போகிறது. ஒரு கீறல் விழாது. சந்தனம் பூசிக்கொண்டு அந்தக் குடும்பம் படியேறிவிடும். பொறியியல் மாணவன் பல்கலைக்கழகத்தில் கற்கும் எதற்கும் இது குறைந்த கல்வியில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பத்தர் வேலையும் அப்படியே. அறுந்த கண்ணியைத் துடைத்து, வெங்காரம் தடவி, பொடி வைத்து, தீயின் நுனியை அந்த ஒரு கண்ணியின் மேல் மட்டும் நிறுத்த வேண்டும். பொடி உருகி ஓடுவதற்கும் சங்கிலியே உருகிவிடுவதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்தான். தங்கத்தின் நிறம் மாறுவதைக் கண் பார்த்துக்கொண்டிருக்க, வாய் ஊதுவதை நிறுத்த வேண்டும். தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் இரண்டு வீட்டாரும் சுற்றி நின்று பார்க்கிறோமே, அந்த ஒரு நாள் மட்டும்தான் நமக்குப் பத்தரின் முகம் கண்ணில் படுகிறது.

இனி நாட்டு நிலவரத்துக்கு வருகிறேன். மலேசியாவில் வேலையில்லாதோர் விகிதம் அண்மைக் காலத்தில் 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பார்வைக்கு நல்ல கணக்கு. ஆனால் பட்டமோ டிப்ளோமாவோ பெற்று வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தன் படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கிறார் என்று புள்ளிவிவரத் துறையே ஆண்டுதோறும் சொல்கிறது. ஒரு பக்கம் படித்தவனுக்கு ஏற்ற வேலை இல்லை, இன்னொரு பக்கம் வேலைக்கு ஏற்ற ஆள் இல்லை. 2024இல் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகத்துக்கு மட்டும் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது அரசாங்கம். அதே ஆண்டில் டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனத்தின் ஆய்வு, செயற்கை நுண்ணறிவும் மின்னியல் மாற்றமும் பசுமைப் பொருளாதாரமும் சேர்ந்து பத்துத் துறைகளில் ஏறக்குறைய 6,20,000 வேலைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பெரிதும் மாற்றிவிடும் என்றது. பிள்ளைகளை எந்த மேசை வேலைக்கு அனுப்பத் துடித்தோமோ, அந்த மேசைகள்தாம் முதலில் ஆட்டம் காணப்போகின்றன.

கூலியைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. 2023இல் நாட்டின் இடைநிலைச் சம்பளம் 2,602 வெள்ளி. சம்பளக்காரர்களில் பாதிப் பேர் அதற்கும் கீழே வாங்கினார்கள். கோலாலம்பூரில் அறை வாடகை, மோட்டார் தவணை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் போக அதில் மிஞ்சுவது என்ன என்று எந்தத் தாயிடமும் கேட்டுப் பாருங்கள். நாடு ஈட்டும் வருமானத்தில் தொழிலாளிக்குச் சம்பளமாகப் போவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதைப் பத்தாண்டுகளில் 45 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்று 2023இல் மடானிப் பொருளாதாரத் திட்டத்தில் இலக்கு வைத்தார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் "இந்தக் காலத்துப் பையன்களுக்கு உழைக்க மனமில்லை" என்று பேசுவது தவறு. என் வயதுக்காரர்கள் பலர் அப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பையன் மழையில் நனைந்து இரவு பதினொரு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிறான். அவனுக்கு உழைக்க மனமில்லையா?

அவன் ஏன் சலூனுக்கு வராமல் மோட்டாரில் ஏறினான் என்பதை யோசிக்க வேண்டும். மோட்டாரில் முதல் நாளே கையில் காசு. யாரும் பெயர் சொல்லி இழிவாகக் கூப்பிடுவதில்லை. வேண்டிய நேரத்துக்குப் போகலாம். ஆனால் ஐந்து ஆண்டுகள் ஓட்டினாலும் முதல் நாள் தெரிந்த வேலைதான் கடைசி நாளும் தெரியும். விழுந்து கால் ஒடிந்தால் என்ன கதி என்பதற்கே வெகுகாலம் பதில் இல்லாமல் இருந்தது. இவர்களுக்கான கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்டில்தான் மக்களவையில் நிறைவேறியது. கூடக் கொஞ்சம் கைத்தொழில் தெரிந்த பிள்ளை ஜொகூர் பாலத்தைத் தாண்டிவிடுகிறான். சிங்கப்பூர் வெள்ளி இங்கு மூன்று மடங்குக்கு மேல். அவனையும் நான் குறை சொல்லமாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸிலேயே வேறொரு வழி நடந்து காட்டியிருக்கிறது. பார்வையற்றோர் சங்கம் 1950களிலிருந்து அங்கே கர்னி பயிற்சி மையத்தை நடத்துகிறது. கண் தெரியாதவர்களுக்குக் கூடை முடையக் கற்றுக்கொடுத்தார்கள். அலுவலகங்களில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலைக்குப் பழக்கினார்கள். எந்திரம் வந்து அந்த வேலை சுருங்கியபோது கைகட்டி நிற்கவில்லை. உடம்பு பிடித்துவிடும் தொழிலை முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். விளைவு, இன்று பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் அந்தத் தொழிலில் உண்டு. முதுகுவலியோடு நான் போகும் கடையில் ஒரு சீனத் தம்பி இருக்கிறார். விரலை வைத்ததும், "அங்கிள், நிறைய வருஷம் ஏணி ஏறின ஆளா?" என்று கேட்டார். நடைபாதையில் வெள்ளைக் கோலோடு போகிறவர்களைப் பார்த்து அனுதாபப்படுகிறோம். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதைக் கற்கவில்லை. ஒரு சமூகம் தீர்மானித்து, ஒரு மையம் வைத்து, காலத்துக்கு ஏற்பத் தொழிலை மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் ஒரு தெருவே வாழும் என்பதற்கு அந்தக் கடைகள் சாட்சி.

நமக்கு வழி இல்லாமல் இல்லை. மனிதவள அமைச்சின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், அதற்கு மேல் டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா. கோலாலம்பூர் கூச்சாய் லாமாவில் தொழிற்பயிற்சிக் கழகம், ஷா ஆலத்தில் உயர்தொழில்நுட்ப மையம் என்று நம் வாசலிலேயே இடங்கள் உள்ளன. உலோகக் கைவினையை ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் நம் நகைக்கடைக்காரர் யாராவது தன் செலவில் ஒரு பிள்ளையைச் சேர்த்திருக்கிறாரா? எனக்குத் தெரிந்து யாரும் பேசிக் கேட்டதில்லை. 2005இல் ஜெர்மானிய முறையைப் பார்த்து இரட்டைப் பயிற்சித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கற்கும் நேரத்தில் பெரும்பகுதி வேலையிடத்தில், மீதி பயிற்சி மையத்தில். என் தவுக்கே செய்ததற்குச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அது.

இந்தியாவிலிருந்து வரும் தம்பிகளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரைக்குடியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ குடும்பத்தை விட்டு வரும் பத்தர் நம் பாட்டனைப் போலத்தான் வருகிறார். அவருடைய கடப்பிதழை வாங்கிப் பூட்டி வைப்பது சட்டப்படி குற்றம். அவரைக் கடை மாடியில் பத்துப் பேரோடு அடைத்து வைப்பது, துரை செய்ததை நாம் செய்வது. அவர் கையில் இருக்கும் தொழிலைப் பாருங்கள். சேவைத் துறையில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி லெவி கட்டுகிறீர்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், ஏஜெண்டுக்கு வேறு. இவ்வளவும் கட்டி அழைத்து வந்த ஆசானை வெறும் கூலியாக மட்டும் வைத்துக்கொண்டு, விசா முடிந்ததும் அவர் கையோடு தொழிலையும் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். வரும் ஒவ்வொரு கைவினைஞர் பக்கத்திலும் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை உட்காரவையுங்கள் என்று கேட்கிறேன். கடைக்கு இரண்டு வெளிநாட்டு ஆள் கேட்டு மனுப்போடும் சங்கம், கூடவே ஒரு உள்ளூர்ப் பழகுநரின் பெயரையும் மனுவில் எழுதட்டும். அந்த விதியை அரசாங்கம் போடுவதற்குக் காத்திருக்காமல் நாமே போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு அவசரமும் உண்டு. நாட்டுத் தொழிலாளர்களில் வெளிநாட்டவர் பங்கை 2030க்குள் 10 விழுக்காடாகவும், 2035க்குள் 5 விழுக்காடாகவும் குறைக்க வேண்டும் என்று 13ஆவது மலேசியத் திட்டம் சொல்கிறது. 1938இல் கப்பல் நின்றதுபோல விமானமும் ஒருநாள் நிற்கும்.

பழகும் பிள்ளைக்குச் சம்பளம் என்ன? முன்காலத்தில் சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும் கொடுத்தார்கள். இன்று அது செல்லாது. மோட்டாரில் போனால் கிடைக்கும் காசுக்கு அருகில் இல்லாவிட்டால் எந்தத் தகப்பனும் அனுப்பமாட்டார். குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே பேச்சே வேண்டாம். தனிக் கடைக்கு அது பாரம் என்பது எனக்குத் தெரியும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளூர் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்கு லெவியாகக் கட்டி, அதைப் பயிற்சிக்குத் திரும்ப எடுக்கின்றன. மூன்று நாற்காலி வைத்த சலூனுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் சங்கம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பத்துக் கடை சேர்ந்து ஐந்து பிள்ளைகளை ஏற்று, மாதம் ஒரு கடையாகச் சுற்றிப் பழக்கினால், ஒவ்வொரு கடைக்கும் விழும் செலவு பாதிச் சம்பளம்தான். ஒரு கடையில் கத்தி வேலை கற்பான், இன்னொரு கடையில் கணக்கு எழுதக் கற்பான். பெண் பிள்ளைகளும் வரட்டும். 1970களில் சுங்கை வே மின்னியல் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியைப் பார்த்து மயிரிழைக் கம்பி ஒட்டியவர்களில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். அந்தக் கைக்கு நகைப் பட்டறையின் குறடு கனமா?

கடை வைத்திருக்கும் மூத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இருபது முப்பது வருஷம் முடிவெட்டியும் ஒரு காகிதச் சான்றுகூட இல்லாதவர்கள் நம்மில் பலர். திறன் மேம்பாட்டுத் துறையில் முன்னனுபவத்தை ஏற்றுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. எந்தெந்த வேலை தெரியும் என்பதற்குச் சான்றுகளைத் திரட்டி ஒரு கோப்பாக்க வேண்டும்: செய்த வேலையின் படங்கள், வாடிக்கையாளர் அல்லது முதலாளியின் கடிதங்கள், பயன்படுத்தும் கருவிகளின் விவரம். மதிப்பீட்டாளர் பார்த்துச் சரி என்றால் சான்றிதழ் கிடைக்கும். படிவங்கள் மலாயில் இருக்கின்றன என்று தயங்குகிறவர்கள் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் உங்களுக்காக மட்டும் இல்லை. கடை முகப்பில் அது தொங்கினால், தன் மகளை அல்லது மகனை உங்களிடம் விட வரும் பெற்றோருக்கு இது முறையான தொழில் என்று தெரியும்.

சங்கங்களுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்களுக்கான மனுவை அடுத்த முறை மேசையில் வைக்கும்போது, அதன் பக்கத்தில் பழகுநர் பட்டியல் ஒன்றையும் வையுங்கள். முதல் ஆண்டு ஐந்து பெயர் இருந்தால் போதும். மின்கம்பி வேலை பழக வரும் பிள்ளைகள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். ஏணி ஏற என்னால் முடியாது, ஆனால் அவர்கள் இறுக்கிய முனைகளை இழுத்துப் பார்த்துச் சொல்ல என் விரல்களில் இன்னும் வலு இருக்கிறது.